அப்பா கத்தினால் பன்றி வரும்

படிக்காதவன் தப்பு செய்தால் அது செய்ததோடு முடிந்துவிடும். படித்தவன் செய்கிற தப்புக்கு நோட்டுப் புத்தகத்தில் ஆதாரம் இருக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். ஆகவே எங்கள் குடும்பத்தின் முதல் ஆதாரபூர்வமான தப்பும் என்னுடையதுதான். ஆறு மாதம், காலை ஒரு முறை, மாலை ஒரு முறை என்று தேதி போட்டுச் செய்திருக்கிறேன். முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு வேறு.

எங்கள் ஊர் ஜமுனாமரத்தூரிலிருந்து ஒரு மணி நேர நடை. (பஸ்ஸில் போனால் கால் மணி. ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருப்பது இரண்டு மணி.) அப்பா சாமை விதைப்பவர். கதிர் பிடிக்கிற சமயத்தில் நிலத்தின் நடுவே நான்கு கால் நட்டு ஒரு பரண் கட்டுவார். பொழுது சாயும்போது அதன் மேல் ஏறி உட்கார்ந்தால் வேலை ஒன்றுதான்: காட்டுப்பன்றி வந்தால் கத்துவது.

அந்தக் கத்தலை எழுத்தில் பிடிப்பது கஷ்டம். கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!" அப்பா இந்தச் சரிவில் ஒரு முறை கத்தினால் எதிர்ச் சரிவு அதை மூன்று முறை திருப்பிச் சொல்லும். ஊரில் எல்லாப் பரணிலும் இதே கத்தல்தான். ஒருவர் தொடங்கினால் அடுத்த பரணில் இருப்பவர் வாங்கிக்கொள்வார். அவரிடமிருந்து அதற்கடுத்தவர். பன்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் கத்தல் காத்திருக்கும். நான் 'அ' எழுதக் கற்பதற்கு முன்பே இதைக் கற்றுவிட்டேன். 'அ' மறந்தாலும் மறக்கும், இது மறக்காது. (இந்தத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.)

விலங்கியல் படித்து முடித்ததும் அமிர்தி பக்கத்து அடிவாரத்தில் ஒரு மையத்தில் எனக்கு வேலை கிடைத்தது. அடிபட்ட, தாயை இழந்த காட்டு உயிர்களை எடுத்து வைத்துத் தேற்றி, திரும்பக் காட்டிலேயே விடுகிற மையம். முதலில் ஏழு மாதம் சோதனைக் காலம், தேறினால் நிரந்தரம் என்றார்கள். மையத்தின் தலைவி ஒரு கால்நடை மருத்துவர். நாங்கள் எல்லோரும் டாக்டரம்மா என்போம். வேலூர்க்காரர். முதல் நாளே என்னை வாசலில் நிறுத்தி மலையைக் காட்டினார்.

"வெங்கடேசன், இந்த ஜவ்வாது மலை ஒரு தீவு. சுத்தி இருக்கற வயலு, ரோடு, ஊரு எல்லாம் கடல் மாதிரி. மேல இருக்கற உயிருக்கு வேற போக்கிடமே கிடையாது. அதனால இங்க வர்றது எதுவா இருந்தாலும் திரும்பி அங்கதான் போகணும். புரியுதா?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து அந்தத் தீவில் இருக்கிறேன், ஒருவரும் சொல்லவில்லையே! உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன்: 'மலை = தீவு.' அடிக்கோடு.

மையத்தின் சட்டங்களையும் எழுதிக்கொண்டேன். பெயர் வைக்காதே. தடவாதே. பேசாதே. கொஞ்சாதே. உணவு வைக்கும்போது கண்ணில் படாதே. மனிதனைக் கண்டு பயப்படாத காட்டு விலங்கு காட்டில் நெடுநாள் பிழைக்காது, அதற்காக. இந்த ஐந்து சட்டங்களையும் நான் காத்தது போல் இன்றுவரை அங்கே யாரும் காத்ததில்லை. கத்தாதே என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. அப்படியும் ஒருவன் வருவான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை, பாவம்.

இரண்டாம் வாரம் ஒரு அட்டைப்பெட்டியில் நான்கு குட்டிகள் வந்தன. மலைப்பாதையில் தாய் வண்டியில் அடிபட்டுவிட்டது. குட்டிகளின் முதுகில் அணில் மாதிரிக் கோடு. "ஐயோ, எவ்வளவு அழகு, என்ன குட்டி டாக்டரம்மா?" என்றேன்.

"காட்டுப்பன்னி. உன் பொறுப்பு."

விலங்கியலில் முதல் வகுப்பு வாங்கியவன் கேட்ட கேள்வி அது. (எங்கள் ஊரில் பன்றிக்குட்டியை யாரும் அவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. அது வருகிற நேரத்தில் நாங்கள் பரண் மேல் இருப்போம்.)

அன்று மாலை வீட்டுக்குப் போன் செய்தபோது அம்மா கேட்டது: "இன்னா வேலடா குடுத்துக்கிறாங்க?"

பரம்பரை பரம்பரையாகப் பன்றி விரட்டுகிற குடும்பம். அதில் முதல் பட்டதாரி, பன்றிக்குப் புட்டிப்பால் கொடுக்கிறான். சொல்ல வாய் வரவில்லை. "மான் பாத்துக்கறேம்மா" என்றேன்.

அடுத்த வாரச் சந்தைக்குள் ஜமுனாமரத்தூர் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "எம் பையன் மானுக்கு வாத்தியாரு" என்று அப்பா புளி விற்கிற இடத்திலெல்லாம் சொல்லியிருக்கிறார்.

இப்போது தப்புக்கு வருகிறேன்.

புட்டிப்பால் முடிந்து கஞ்சிக்கு மாறிய முதல் நாள். சட்டப்படி, நான் கீற்றுத் தட்டிக்குப் பின்னால் நின்று, தட்டியின் அடியில் இருக்கிற சந்து வழியாகக் கஞ்சித் தொட்டியை உள்ளே தள்ள வேண்டும். சந்தின் மூடியைத் தூக்கினேன். நான்கும் மூக்கை நீட்டிக்கொண்டு என் காலைப் பார்த்துப் பாய்ந்து வந்தன. பன்றி பாய்ந்து வந்தால் எங்கள் பரம்பரைத் தொண்டைக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

"ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!"

நான்கும் கல்லாக நின்றன. நான் தொட்டியைத் தள்ளினேன். தின்றன.

மறுநாளும் பாய்ந்தன. கத்தினேன். நின்றன. தொட்டியைத் தள்ளினேன். அப்போதுதான் என் படிப்பு வேலை செய்தது. 'அடடா! குட்டியிலிருந்தே இந்தக் கத்தலைக் கேட்டு நின்று பழகினால், பெரிதான பிறகு எந்தச் சாமை நிலத்துப் பக்கமும் தலைகாட்டாது அல்லவா! விலங்குக்கும் நன்மை, விவசாயிக்கும் நன்மை!' கஞ்சி வாளியோடு நின்றபடியே அப்பாவை நினைத்துக்கொண்டேன். மானுக்கு வாத்தியார் என்று சொல்லிக்கொண்டிருக்கும் மனிதருக்கு, அவருக்கே தெரியாமல் எவ்வளவு பெரிய உதவி செய்கிறேன் என்று கண் கலங்கியது.

அன்றிலிருந்து தினம் இரண்டு முறை. நோட்டில் இருக்கிறது: 'பதினைந்தாம் நாள். கத்தலைக் கேட்டதும் நிற்கின்றன. பயம் வளர்கிறது.' 'நாற்பதாம் நாள். கத்தலைக் கேட்டதும் வாயில் நுரை. பயம் மிக அதிகம்.' (பயமில்லை, எச்சில். நான்கு உயிர்கள் சாப்பாட்டை நினைத்து எச்சில் ஊறி நின்றதை நான் சிவப்பு மையில் பயம் என்று எழுதியிருக்கிறேன்.) 'நூறாம் நாள். தூரத்தில் இருந்தாலும் கத்தலைக் கேட்டு ஓடிவந்து, பயந்து நிற்கின்றன.' பயந்தது ஏன் ஓடி வருகிறது என்று ஒரு கேள்வி என் மண்டையில் உதித்திருக்க வேண்டும். உதிக்கவில்லை.

பறவைக் கூண்டுகளைப் பார்த்துக்கொண்ட ஏழுமலை அண்ணன் ஒரு நாள் கேட்டார்: "இன்னாபா, டெய்லி ரெண்டு வேள கத்துற? கொரங்கு தொல்லையா?"

"ஆமாண்ணே" என்றேன். விளக்கம் சொன்னால் என் கண்டுபிடிப்பை வேறு யாராவது எழுதிவிடுவார்களோ என்று சந்தேகம். டாக்டரம்மாவும் நான் குரங்கு விரட்டுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஆறு மாதம் முடிந்து நான்கையும் காட்டில் விட்டோம். வனத்துறை குறித்துக் கொடுத்த இடம், மேலே அடர்ந்த காடு. காதில் ஆளுக்கொரு மஞ்சள் அட்டை, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று. கூண்டுக் கதவைத் தூக்கியதும் நான்கும் புதருக்குள் போயின. திரும்பிப் பார்க்கவே இல்லை.

டாக்டரம்மா என் தோளில் தட்டினார். "பாத்தியா, திரும்பிக்கூடப் பாக்கல. சட்டத்த ஒழுங்கா காப்பாத்தியிருக்க. அடுத்த மாசம் உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்."

அந்தக் காடும் எங்கள் ஊரும் இடையில் ஒரு முகடுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் என்ன கவலை? வந்தால் அப்பா கத்தப் போகிறார். கத்தினால் அவை பயப்படப் போகின்றன. என் நோட்டில் இருக்கிறதே.

பத்து நாள் கழித்து ஒரு நாள் விடுப்பில் ஊருக்குப் போனேன். ஜமுனாமரத்தூரில் இறங்கி ஒரு பெட்டி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நடந்தேன். நிரந்தரமாகப் போகிறவன் வெறும் கையோடு போகலாமா? வீட்டில் பையை வைத்துவிட்டு, பெட்டியோடு நேராக அப்பாவின் பரணுக்குப் போய் ஏறினேன். பொழுது சாய்கிற நேரம். சாமை அப்போதுதான் கதிர் பிடித்து நின்றது. அந்த வருடம் நல்ல விளைச்சல். எங்களுக்கு வருடத்துக்கு அதுதான் சோறு.

"மானெல்லாம் நல்லா கீதா?" என்றார் அப்பா.

"நல்லா இருக்குதுப்பா."

"ஒரு நாளு கூட்டினு போடா. நீ மானுக்குத் தீனி போடறத நான் பாக்கணும்."

நான் மைசூர்பாகுப் பெட்டியின் நூலைப் பிரிப்பதில் ஆழ்ந்த கவனம் செலுத்தினேன். அப்போது காட்டோரப் புதர் அசைந்தது. அப்பா எழுந்து நின்று வேட்டியை மடித்துக் கட்டினார். நெஞ்சு நிறைய மூச்சு வாங்கினார்.

"ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!"

புதர் ஒரு கணம் நின்றது. பிறகு அதற்குள்ளிருந்து நான்கு பன்றிகள், வாலைத் தூக்கிக்கொண்டு, எங்களைப் பார்த்து ஓடிவந்தன.

அப்பா வாழ்நாளில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. இன்னும் பலமாகக் கத்தினார். அவை இன்னும் வேகமாக வந்தன. பரணுக்குக் கீழே வந்து வரிசையாக நின்று அண்ணாந்து பார்த்தன.

"இன்னாடா இது?" என்று அப்பா என்னைப் பார்த்தார். "எப்பவும் கத்தினா ஓடும். இது இன்னாடான்னா பந்திக்கு வந்தா மாதிரி வரிசையா நிக்குது!" குனிந்து உற்றுப் பார்த்தார். "டேய்... காதுல கம்மல் போட்டுகினு கீதுடா!"

மஞ்சள் அட்டை. ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. என் கையிலிருந்து மைசூர்பாகுப் பெட்டி நழுவிக் கீழே விழுந்தது. பெட்டியோடு தின்றுவிட்டன.

அப்போதே வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அப்பாவின் நிலத்தோடு போயிருக்கும். நான் திறப்பதற்குள் பக்கத்துப் பரணிலிருந்து காளி மாமன், அதாவது என் அம்மாவின் அண்ணன், உதவிக்கு வந்தார். ஊர் வழக்கப்படி கத்தலை வாங்கிக்கொண்டார்.

"ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!"

நான்கும் திரும்பின. அடுத்த வீட்டிலும் விருந்து என்று கேட்டவர்களைப் போல, எங்கள் சாமைக்குள் புகுந்து குறுக்கு வழியாக மாமன் நிலத்துக்கு ஓடின. மாமன் அலறினார். அது போதாதென்று அவருக்கு அடுத்த பரண் கத்தியது. அதற்கடுத்த பரண். எங்கள் ஊரில் அப்போது ஏழு பரண். ஏழு பேரும் ஒற்றுமையாக, மனம் விட்டு, தொண்டை கிழியப் பன்றிகளைச் சாப்பிட அழைத்துக்கொண்டிருந்தார்கள். அவை எந்த அழைப்பையும் தட்டவில்லை. ஓடுகிற வழியெல்லாம் சாமை படுத்தது.

நான் பரணிலிருந்து குதித்தேன். "கத்தாதீங்க! யாரும் கத்தாதீங்க!" என்று கத்தினேன்.

ஆறு மாதம் தட்டிக்குப் பின்னாலிருந்து கேட்ட குரல் அல்லவா? முகத்தை மறைத்தேனே தவிர குரலை மறைக்கவில்லை. நான்கும் எல்லா விருந்தையும் விட்டுவிட்டு என்னைப் பார்த்துப் பறந்து வந்தன. ஊர் ஜனம் டார்ச்சும் தடியுமாக ஓடி வந்தபோது, மானுக்கு வாத்தியாரான நான், நான்கு காட்டுப்பன்றிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன். மூன்றாம் நம்பர் என் பேன்ட் பாக்கெட்டுக்குள் மூக்கை விட்டு மைசூர்பாகு தேடிக்கொண்டிருந்தது.

யாரும் கேட்பதற்கு முன் நானே சொன்னேன். பால் புட்டி, தட்டி, கஞ்சி, கத்தல், எல்லாம். 

"மான்னு சொன்னியேடா" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார்.

அம்மா அப்படி விடுகிறவள் இல்லை. "நானும் பாக்கறேன், எந்த ஊரு மானுக்குடா இப்பிடி மூக்கு கீது?"

காளி மாமன் கையில் ஈட்டி இருந்தது. அவர் நிலத்தில்தான் சேதம் அதிகம். "நாலும் நல்லா கொழுத்துக் கீது மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். "ஓடவும் ஓடாது. கூப்ட்டா வருது. இன்னா சொல்ற?"

 ஈட்டியைப் பார்த்து ஓட வேண்டிய நான்கு உயிர்களும் அதன் முனையை முகர்ந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அந்தப் பயத்தை இல்லாமல் செய்தவன் நான். மாமன் மேல் எந்தத் தப்பும் இல்லை. படுத்துக் கிடப்பது அவருடைய சாமை. நான் அவருக்கும் பன்றிகளுக்கும் நடுவே போய் நின்றேன். (வீரம் என்று நினைக்காதீர்கள். மாமன் என்னைக் குத்த மாட்டார் என்று தெரியும்.)

அப்பா மாமன் கையிலிருந்த ஈட்டியை வாங்கித் தரையில் ஊன்றினார். "வேணாம் மச்சான். இவன் சோறு போட்டது. நம்ப வூட்டுச் சோறு துன்ன கணக்குதான். காலைல அந்த டாக்டரம்மா வரட்டும்."

அம்மா பெரிய குண்டானில் சாமைக் கஞ்சி காய்ச்சினாள். நான் ஆட்டுப் பட்டிக்குள் நின்று கத்தினேன். நான்கும் வரிசையாக உள்ளே வந்தன. படலைச் சாத்தினோம். பட்டியில் இருந்த ஆடுகள் வீட்டுக்குள் வந்தன. (அம்மாவின் தலையணையில் ஒரு கிடா படுத்தது. அந்தக் கிடாவும் இல்லை, தலையணையும் இல்லை, அந்தப் பேச்சு மட்டும் இன்னும் இருக்கிறது.) போன் சிக்னல் கிடைக்கிற பாறை மேல் ஏறி டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து சொன்னேன். "கேட்டுச்சு வெங்கடேசன்" என்றார்.

காலையில் கூண்டு வண்டியோடு டாக்டரம்மாவும் ஏழுமலை அண்ணனும் வந்து சேர்ந்தார்கள். நான் நோட்டை நீட்டினேன். 'பயம் வளர்கிறது' பக்கத்தை டாக்டரம்மா நின்றபடியே படித்தார். 'வாயில் நுரை, பயம் மிக அதிகம்' வந்தபோது நோட்டால் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதில்தான் சிரிப்பு என்று தெரிந்தது.

ஆனால் நிலத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தபோது சிரிப்பு போயிருந்தது. அப்பாவிடம் விளக்கம் சொல்லத் தொடங்கினார். "ஐயா, இந்த மலை ஒரு தீவு மாதிரி. இந்த விலங்குகளுக்கு வேற போக்கிடம்..."

"தெரியுங்க" என்றார் அப்பா. மரியாதையாகத்தான் சொன்னார். "அந்தத் தீவுலதாங்க நாங்களும் கீறோம்."

 என் நோட்டில் அவர் சொன்னதெல்லாம் இருந்தது. அப்பா சொன்ன இந்த ஒரு வரி இல்லை. டாக்டரம்மா அங்கே கூடியிருந்த ஏழு பரண்காரர்களையும் பார்த்துக் கைகூப்பினார். "தப்பு எங்களோடது. எங்க ஆளு என்ன செய்றான்னு நான் பாத்திருக்கணும். குரங்கு விரட்டறான்னு நெனச்சிட்டேன்" என்றார். என் மேல் ஒரு வார்த்தை பழி போடவில்லை. நான்தான் காரணம் என்பது நேற்றே ஊருக்குத் தெரியும், இருந்தாலும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "வேலை போயிடுமான்னு கேக்காத. இது நாலும் கத்தலக் கேட்டு ஓடற அன்னிக்கு உன் வேலை நெலைக்கும். ஓடலன்னா இதுங்கள வாழ்நாள் பூரா கூண்டுலதான் வெக்கணும். அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு உன்ன நிரந்தரம் பண்ணச் சொல்லுவேன்?"

"நானே மாத்திடறேன் டாக்டரம்மா. கத்திட்டு விரட்டறேன்."

"நீ கத்தினா உன் கை தானா கஞ்சிய வெச்சிடும். இதே கத்தல் வேணும், ஆனா நெசமாவே விரட்டத் தெரிஞ்ச ஆளு வேணும்."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா சாமையைப் பார்த்தார்.

"நான் கீழ வந்துட்டா இத்த யாரு பாக்கறது?"

 காளி மாமன்தான் பதில் சொன்னார், நேற்று ஈட்டியோடு நின்ற அதே மாமன். "நீ போ மச்சான். உன் பரணுக்கு ஆளுக்கொரு நாளு மொற வெச்சிக்கறோம். அந்தக் கம்மல் போட்டதுங்க திரும்பி இந்தப் பக்கம் வராம செஞ்சினு வா, அது போதும்."

அப்பா நாற்பது நாள் மையத்தில் இருந்தார். மகன் மானுக்குத் தீனி போடுவதைப் பார்க்க ஆசைப்பட்டவர், பன்றி விரட்ட வந்து சேர்ந்தார். காலையும் மாலையும் தட்டிக்குப் பின்னால் நின்று கத்துவார். பன்றிகள் எச்சில் ஒழுக ஓடிவரும். உடனே ஏழுமலை அண்ணன் தகரத்தைத் தட்டுவார், குழாயில் தண்ணீரைப் பீய்ச்சுவார். கஞ்சி கிடையாது. தீனியெல்லாம் வேறு நேரத்தில், சத்தமே இல்லாமல், கூண்டின் மறுகோடியில் போய்ச் சேரும்.

என்னைப் பன்றிகள் பக்கமே விடவில்லை. நட்சத்திர ஆமைகளிடம் மாற்றிவிட்டார்கள். "இங்க நீ இன்னா கத்தினாலும் ஒன்னியும் ஓடியாராது" என்று ஏழுமலை அண்ணன் ஆறுதல் சொன்னார்.

மூன்றாம் வாரம் ஒரு மாலை அப்பா ஆமைத் தொட்டிப் பக்கம் வந்து நின்றார். ஏதோ சொல்ல வந்து தயங்குகிறார் என்று தெரிந்தது.

"மூணாம் நம்பருக்கு எடது கண்ணுல பீள கட்டினு கீது. டாக்டரம்மாகிட்ட சொல்லு."

"நீங்களே சொல்லலாமேப்பா."

"நான் விரட்டறவன்டா. நான் போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

நாற்பதாம் நாள் மலையின் மறுபக்கம், எந்த ஊரின் கத்தலும் எட்டாத இடத்தில் நான்கையும் விட்டோம். கதவு திறந்தது. நான்கும் இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய்க் கிழங்கு தேடி மண்ணைக் கிளறத் தொடங்கின. டாக்டரம்மா அப்பாவைப் பார்த்துத் தலையசைத்தார்.  அத்தனை மாதமும் என் வேலையும் அந்த நான்கும், எல்லாம் அப்பாவின் ஒரு மூச்சில் நின்றன.

"ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!"

நான்கும் துள்ளின. பிறகு திசைக்கொன்றாக அல்ல, ஒரே கூட்டமாக, வால் தெறிக்கக் காட்டுக்குள் ஓடின. புதர்கள் முறிகிற சத்தம் நெடுநேரம் கேட்டது. டாக்டரம்மா கைதட்டினார். அப்பா கைதட்டவில்லை, விரல் நீட்டி எண்ணிக்கொண்டிருந்தார். "ஒண்ணு, ரெண்டு, மூணு... நாலு. நாலும் போய்டுச்சி. சரி, வா." அதன் பிறகு அவை எந்தப் பரண் பக்கமும் வந்ததாகச் செய்தி இல்லை.

அந்த வருட அறுப்புக்கு மையத்தில் எங்கள் ஆறு பேருக்கும் டாக்டரம்மா விடுப்பு கொடுத்து, தானும் வந்தார். ஏழு நிலத்திலும் இறங்கினோம். டாக்டரம்மா அறுத்த லட்சணத்தைப் பார்த்துக் காளி மாமன், "பன்னியே தேவல" என்றார். படுத்த சாமையையும் ஒவ்வொரு கதிராகத் தூக்கி அறுத்ததில் நினைத்ததைவிட அதிகம் தேறியது. சோற்றுக்குக் குறைவில்லை. நான் நிரந்தரமானேன். மையத்தின் சட்டப் பலகையில் இப்போது ஆறாவதாக ஒரு வரி இருக்கிறது: 'கத்தாதே.' புதிதாக வருகிறவர்கள் அது எதற்கு என்று கேட்பார்கள். ஏழுமலை அண்ணன் அரை நாள் விடுப்பு போட்டுக்கூட அந்தக் கதையைச் சொல்லத் தயார். எந்த விலங்கை விடுவதென்றாலும் டாக்டரம்மா முன்கூட்டியே அப்பாவுக்குச் சொல்லி அனுப்புகிறார். அப்பாவும் சந்தையில் பேச்சை மாற்றிக்கொண்டார்: "எம் பையனுக்கு வேல வாங்கிக் குடுத்தவன் நான்." மறுப்பதற்கு என்னிடம் ஒன்றுமில்லை. அது அப்படியே உண்மை.

எங்கள் வீட்டில் அன்றிலிருந்து யாரும் யாரையும் சாப்பிட வா என்று கூப்பிடுவதில்லை. அம்மா சோற்றை இறக்கி வைத்துவிட்டு வாசலில் நின்று, "ஏஏஏய்... ஹோ! ஹோ! ஹோ!" என்பாள். நானும் அப்பாவும் போய் உட்காருவோம்.

போன வருடம் எனக்குக் கல்யாணம். தாலி கட்டி முடித்து, பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து திருநீறு வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முந்தின நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பந்தலின் அந்தக் கோடியில் இலை போட்டு முடித்த காளி மாமன், ஊர் ஜனத்தைப் பந்திக்கு அழைக்கும் பொறுப்பைத் தானாக எடுத்துக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சு வாங்கி ஒரு கத்தல் கத்தினார்.

மணமேடையிலிருந்து நான் எழுந்துவிட்டேன். மாலையும் கழுத்துமாக, புது மனைவியின் புடவை முடிச்சையும் இழுத்துக்கொண்டு நான்கு அடி போன பிறகுதான் பந்தலே சிரிப்பதைக் கேட்டேன்.

முதல் வரிசையில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா, நாலு பேர மாத்திட்டோம். இந்த அஞ்சாவது ஆள விட்டுட்டோமே!"

"அத்த இன்னாங்க பண்றது?" என்றார் அப்பா. "அதான் ஒருத்தி கைல புடிச்சிக் குடுத்துட்டோம். இனிமே அவ பாத்துக்குவா."